கயிற்றைப் பிடித்தவரும் சேணத்தில் அமர்ந்தவரும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், போர்ட் வொர்த் நகரில் 1941-ல் நடந்த கால்நடைக் கண்காட்சியில் விம்பி என்ற செம்பழுப்புக் குதிரை, பொலிகுதிரைகளுக்கான தலைமைப் பரிசை வென்றது. தென் டெக்சாஸில் உள்ள கிங் ராஞ்ச் என்ற மிகப் பெரிய மாட்டுப் பண்ணையில் 1937-ல் பிறந்தது அது. பரிசோடு இன்னொரு பெருமையும் அதற்கு வாய்த்தது. அமெரிக்கன் குவார்ட்டர் ஹார்ஸ் சங்கம் அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே ஊரில் தொடங்கப்பட்டிருந்தது. சங்கத்தின் வம்சப் பதிவேட்டில் முதல் எண் யாருடைய குதிரைக்கு என்று போட்டி எழாமலிருக்க, அந்தக் கண்காட்சியில் வெல்லும் பொலிகுதிரைக்கே அந்த எண் என்று முன்கூட்டியே ஒதுக்கி வைத்துவிட்டார்கள். இன்று 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் ஏறியிருக்கும் அந்தப் பதிவேட்டின் முதல் வரியை எழுதியது, ஆக, ஒரு கண்காட்சி நடுவரின் கண். பதிவேடும் கண்காட்சியும் இந்த இனத்தைப் பொறுத்தவரை இரட்டைப் பிள்ளைகள்.

அந்தப் பரிசுக்கு யாரும் சேணத்தில் ஏறிச் சவாரி செய்து காட்டவில்லை. குதிரையின் தலையில் வெறும் தலைக்கயிறு. ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க, நடுவர் சுற்றிவந்து உடலமைப்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். இந்த வகைப் போட்டிக்கு ஹால்டர் வகுப்பு என்று பெயர். இனக் குதிரைக் கண்காட்சி என்ற அமைப்பே வளர்ப்பவர்களால் வளர்ப்பவர்களுக்காக உண்டானது. அதில் சவாரிக்காரருக்கு, அதிலும் புதிதாகச் சவாரி கற்றுக்கொண்டு போட்டிக்கு வரும் சாதாரண ஆளுக்கு, தொடக்கத்தில் பெரிய இடம் எதுவும் இல்லை. அந்த இடம் பின்னால், பல பத்தாண்டுகளில், ஒவ்வொரு விதியாகச் சேர்த்துச் சேர்த்து உருவாக்கப்பட்டது. குதிரை உலகத்தின் பழைய ஆட்கள் பலர் அதை ஒரு சமரசமாகவே பார்க்கிறார்கள்: கட்டணம் வரவேண்டும் என்பதற்காகத் தரத்தை விட்டுக்கொடுத்தது என்கிறார்கள். குவார்ட்டர் ஹார்ஸின் வரலாறு இதற்கு நேர் எதிரானதைச் சொல்கிறது என்பது என் வாதம். புதியவருக்குக் கதவு திறந்ததால் இனத்தின் தரம் கெடவில்லை. தரம் கெட்டது, குதிரைமேல் யாரும் ஏற வேண்டாம் என்றிருந்த பக்கத்தில்தான்.

முதலில் இந்தக் குதிரை எதற்காக உண்டானது என்று பார்க்க வேண்டும். வர்ஜீனியா, கரோலினா குடியேற்றங்களில் 17-ஆம் நூற்றாண்டிலேயே கால் மைல் (ஆங்கிலத்தில் குவார்ட்டர் மைல்) பந்தயம் நடந்துவந்தது. காடு வெட்டிய புது நிலத்தில் நீண்ட பந்தயப் பாதை போட வசதியில்லை. கிராமத் தெருவும் வயலோரப் பாதையுமே களம். சுமார் 400 மீட்டர் தூரத்தைச் சீறிக் கடக்கும் குட்டையான, பின்தொடை பருத்த குதிரைகள் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டன. மேற்கே மாட்டுப் பண்ணைகள் பரவியபோது அதே சீற்றம் வேறொரு வேலைக்குப் பயன்பட்டது. மந்தையிலிருந்து விலகி ஓடும் மாட்டை நாலு பாய்ச்சலில் மறிக்கவும், நின்ற இடத்தில் திரும்பவும், கயிறு வீசிப் பிடித்த காளையின் இழுப்பைத் தாங்கி நிற்கவும் இப்படிப்பட்ட குதிரைதான் வேண்டும். கென்டக்கியில் 1843-ல் பிறந்து குட்டியாகவே டெக்சாஸுக்கு வந்த ஸ்டீல் டஸ்ட் என்ற குதிரையின் பெயர் அந்த வட்டாரத்தில் ஓர் இனப்பெயர் போலவே வழங்கியது. ஆனால் எழுத்தில் வம்சாவளி ஒன்றும் இல்லை. பண்ணைக்காரரின் நினைவும் வாய்வழிப் பேச்சும்தான் பதிவேடு.

இதற்கிடையே ராணுவத்தின் குதிரைக் கொள்முதல் துறை, படைக்கு உயரமான குதிரைகள் வேண்டும் என்பதற்காகப் பண்ணைகளுக்குத் தரோபிரெட் என்ற பந்தய இனத்துப் பொலிகுதிரைகளை அனுப்பிவந்தது. நாட்டின் குதிரைகளின் எண்ணிக்கையோ டிராக்டரும் லாரியும் வந்தபின் மளமளவென்று சரிந்துகொண்டிருந்தது. பழைய கால் மைல் குதிரை கலப்பில் கரைந்துபோகும் என்ற கவலை டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ராபர்ட் டென்ஹார்ட் என்பவரை எழுதத் தூண்டியது. அவருடைய கட்டுரைகளும் பண்ணைக்காரர்களின் அக்கறையும் சேர்ந்து 1940-ல் சங்கமாகத் திரண்டன. வம்சத்தாள் இல்லாத குதிரைகளை எப்படிப் பதிவது? சங்கம் ஆய்வாளர்களை அனுப்பியது. அவர்கள் பண்ணை பண்ணையாகப் போய்க் குதிரையைப் பார்த்து, இது அந்த வகைதான், இது இல்லை என்று சொன்னார்கள். கண்ணால் பார்த்துத் தீர்ப்பது அன்று தவிர்க்க முடியாத வழி. கண்காட்சி வளையமும் அதே வேலையைத்தான் ஊரறியச் செய்தது.

அன்றைய நடுவரின் கண்ணை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது நாள் முழுக்கச் சேணத்தில் இருந்து பழகியவரின் கண். பின்னங்கால் முட்டியின் கோணத்தைப் பார்த்தால் அந்தக் குதிரை எப்படி நிற்கும், எப்படித் திரும்பும் என்று அவருக்குத் தெரியும். குளம்பு சிறுத்திருந்தால் மாலைக்குள் அது நொண்டும் என்று தெரியும். உருவத்தை அளந்தபோது உள்ளுக்குள் அவர் வேலையைத்தான் அளந்துகொண்டிருந்தார். அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த சான்று 1944-ல் பிறந்த போகோ பூவெனோ. வாகனர் பண்ணைக்குச் சொந்தமான இந்தப் பொலிகுதிரை டென்வர், போர்ட் வொர்த் முதலிய பெரிய கண்காட்சிகளில் ஹால்டர் பரிசுகளை வாங்கியது. பிறகு மந்தையிலிருந்து மாட்டைப் பிரித்து மறிக்கும் கட்டிங் போட்டிகளுக்குப் போய் அங்கேயும் பெயர் பெற்றது. அழகுக்குப் பரிசு வாங்கிய அதே உடல்தான் மாட்டின் முன்னால் பூனை மாதிரிக் குனிந்து திரும்பியது. 1950-களில் சங்கம் ஏற்படுத்திய சாம்பியன் பட்டமும் இந்த எண்ணத்தில் பிறந்ததுதான்: உடலமைப்பில் மட்டும் புள்ளி சேர்த்தால் போதாது, செயல்வகைப் போட்டிகளிலும் சேர்க்க வேண்டும்.

அயர்லாந்திலும் பழைய வழக்கம் இப்படித்தான் இருந்தது. வேட்டைக் குதிரை வளர்ப்பை மேம்படுத்தும் நோக்கத்தோடு டப்ளினில் தொடங்கிய கண்காட்சி, 1868-லேயே உயரத் தாண்டுவதையும் அகலத் தாண்டுவதையும் போட்டியாக்கிவிட்டது. வேட்டைக் குதிரை என்று விற்க வந்தால் வேலியைத் தாண்டிக் காட்டு என்ற நேர்மையான கோரிக்கை அது. பின்னாளில் உலகெங்கும் பரவிய குதிரைத் தாண்டல் விளையாட்டின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. உருவத்தைப் பார்ப்பதும் வேலை வாங்கிப் பார்ப்பதும் ஒரே மைதானத்தில் இருந்தவரை இரண்டும் ஒன்றையொன்று கண்காணித்தன.

குவார்ட்டர் ஹார்ஸ் உலகில் இந்தப் பிணைப்பு மெல்ல அறுந்தது. பருத்த உருவமே உண்மையான வகை என்றவர்களும், தரோபிரெட் ரத்தம் சேர்த்து வேகத்தைக் கூட்டலாம் என்றவர்களும் 1940-களில் தனித்தனிச் சங்கங்களாகவே பிரிந்து நின்றார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில் அவை ஒன்றாகின. ஆனால் சங்கம் ஒன்றானதே தவிர, குதிரை ஒன்றாகவில்லை. பந்தயத்துக்கு ஒரு வம்சம், கட்டிங்குக்கு ஒரு வம்சம், ஹால்டருக்கு ஒரு வம்சம் என்று வளர்ப்பவர்கள் தனித்தனிப் பாதை பிடித்தார்கள். ஹால்டர் வகுப்பில் தொடர்ந்து வெல்லும் குதிரையின் விந்துக் கட்டணம் ஏறியது. அந்தக் குதிரைமேல் ஏறிப் பார்க்க வேண்டிய அவசியம் இறங்கியது. சங்கம் 1974-ல் முதன்முறையாக உலகச் சாம்பியன் கண்காட்சி நடத்தியபோது, முதிர்ந்த பொலிகுதிரைகளுக்கான ஹால்டர் பட்டத்தை 1969-ல் பிறந்த இம்ப்ரஸிவ் வென்றது. உருண்டு திரண்ட தசைகளுடன் நின்ற அந்தக் குதிரையைப் போல ஒன்றை அதுவரை பார்த்ததில்லை என்று பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அதன் குட்டிகளும் பேரக்குட்டிகளும் ஹால்டர் வளையத்தை நிறைத்தன.

அடுத்து நடந்தது இந்த வரலாற்றின் மிக வேதனையான பகுதி. அந்த வம்சத்துக் குதிரைகளில் சில திடீரென்று நடுங்கின. தோலுக்கடியில் தசை துடித்தது, பின்கால் தளர்ந்தது, சில விழுந்தன, சில இறந்தன. தசை உயிரணுவில் சோடியம் போகும் வாயிலைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் ஒரு பிழை இருப்பதை 1992-ல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும்போது தசை தன் கட்டுப்பாட்டை இழக்கிறது. ஹெச்.ஒய்.பி.பி. என்ற சுருக்கப் பெயரால் குதிரைக்காரர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், நோய் வெளிப்படலாம். இருவரிடமிருந்தும் வந்தால் கடுமை அதிகம். நோயுள்ள குதிரைகள் அனைத்தின் வேரும் இம்ப்ரஸிவிடம் போய்ச் சேர்ந்தது. இதைவிட முக்கியமான தகவல் ஒன்று உண்டு. நோயுள்ள குதிரைகளைக் கண்காட்சி நடுவர்கள் நோயில்லாதவற்றைவிட உயர்வாக வரிசைப்படுத்தியிருந்தார்கள் என்று 1994-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்க இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஓயாமல் துடிக்கும் தசை பருத்துத் தெரிகிறது. பருத்த தசைக்குப் பரிசு கிடைக்கிறது. பரிசு வாங்கிய குதிரையிடம் பெட்டைகள் வருகின்றன. நடுவர்கள் யாரும் நேர்மை தவறவில்லை. கேட்கப்பட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொன்னார்கள். கேள்விதான் குறைபட்டது.

நின்று காட்ட வேண்டிய குதிரைக்கு நோய் வெளியே தெரியாமலே ஆயுள் கழிந்துவிடலாம். சேணம் போட்டு ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு, பயணத்தின் களைப்பும் மாற்றுத்தீவனத்தின் கோளாறும் சேர்ந்த ஒரு சனிக்கிழமை காலையில், வளையத்தைப் பத்துமுறை சுற்ற வேண்டிய குதிரையிடம் அது வெளிப்பட்டுவிடக்கூடும். கீழே விழப்போகிறவர் ஒரு மனிதர் என்றால் கேள்விகளும் சீக்கிரம் எழும். சங்கம் இந்த நோயை ஒரு மரபுக் குறையாக ஏற்று, 2007 முதல் பிறக்கும் குட்டிகளில் இரு பக்கத்திலிருந்தும் பிழையைப் பெற்றவற்றைப் பதிவதில்லை என்று விதி செய்தது. கண்டுபிடிப்புக்கும் இந்த விதிக்கும் இடையே 15 ஆண்டு இடைவெளி. ஹால்டர் குதிரையில் கொட்டப்பட்ட முதலீடு அந்த இடைவெளிக்கு ஒரு காரணம் என்று சொல்வது அநியாயம் ஆகாது.

இனி மறுபக்கம், அதாவது சவாரிக்காரரின் பக்கம். அமெரிக்காவில் 1915 வாக்கில் குதிரைகளும் கோவேறு கழுதைகளுமாக இரண்டரைக் கோடிக்கும் மேல் இருந்தன. 1960 வாக்கில் அது சுமார் 30 லட்சமாகச் சுருங்கிவிட்டது. வேலைக்குக் குதிரை வேண்டாம் என்றான பிறகு அதைக் காப்பாற்றியவர்கள் பொழுதுபோக்குக்காகவும் ஆசைக்காகவும் வளர்த்தவர்கள், அதிலும் குறிப்பாகச் சிறுவர் சிறுமியர். கிராமப்புறப் பிள்ளைகளுக்குக் கன்றும் பன்றியும் வளர்க்கக் கற்றுக்கொடுத்து, கண்காட்சியில் கொண்டுவந்து நிறுத்தப் பழக்கிய நான்கு ஹெச் இயக்கம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்தது. அந்த மரபில் ஓர் அருமையான எண்ணம் உண்டு: விலை உயர்ந்த மாடு இல்லாத பிள்ளையும் வெல்ல வழி வேண்டும். அதனால் மாட்டை விட்டுவிட்டு, மாட்டைக் கொண்டுவந்து காட்டும் பிள்ளையின் திறமைக்கு மதிப்பெண் போடும் வகுப்பு வந்தது. குதிரைக் கண்காட்சியில் அது ஷோமேன்ஷிப் என்ற பெயரில் நிலைபெற்றது. சங்கத்தின் இளையோர் பிரிவு 1970-ல் தனி அமைப்பாகவே உருவானது.

புதியவர்கள் பலர் முதன்முதலில் இறங்கும் வகுப்பு இன்றும் ஷோமேன்ஷிப்தான். அது எவ்வளவு நுட்பமானது என்பதைக் கிட்ட நின்று பார்த்தால்தான் தெரியும். குதிரையின் உடலமைப்புக்கு இங்கே மதிப்பெண் இல்லை. கயிற்றைப் பிடித்து நடத்திவந்து, நான்கு கால்களும் சதுரமாக நிற்கும்படி நிறுத்தி, நடுவர் சுற்றிப் பார்க்கும்வரை அசையாமல் வைத்திருந்து, பிறகு ஒரு பின்னங்காலை ஊன்றிய இடத்திலேயே வைத்துக் குதிரையைச் சுழற்றி, துள்ளோட்டமாகக் கூட்டிப்போக வேண்டும். நடுவர் சுற்றிவரும்போது எங்கே நிற்பது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. குதிரையின் நீளத்துக்கு ஒன்றும் தோளுக்குக் குறுக்கே ஒன்றுமாக இரண்டு கோடுகள் கிழித்து நான்கு பகுதிகளாக நினைத்துக்கொள்ள வேண்டும். நடுவர் முன்பகுதியில் இருந்தால் நாம் எதிர்ப்பக்கம் நிற்கிறோம், அவருக்குப் பார்வை மறையக் கூடாது. அவர் பின்பகுதிக்குப் போனதும் நாமும் அவர் இருக்கும் பக்கத்துக்கே மாறிவிடுகிறோம். குதிரை மிரண்டால் தலையை நம் பக்கம் இழுப்போம். பின்பகுதி எதிர்ப்பக்கம் விலகும். உதை நடுவர்மேல் படாது. பண்ணையில் ஆட்களுக்கு அடிபடாமலிருக்கப் பிறந்த ஒழுங்கு இது. இதைக் கற்ற பிள்ளை குதிரையின் உடல் எந்தப் பக்கம் அசையும் என்பதை ஏறுவதற்கு முன்பே கற்றுவிடுகிறது. கயிற்றைப் பிடித்து நிற்பதையே ஹால்டர் வகுப்பும் கேட்டது. ஆனால் இங்கே கேள்வி மாறிவிட்டது: அங்கே கேட்டது குதிரை எப்படியிருக்கிறது என்று, இங்கே கேட்பது, உனக்கும் அதற்கும் இடையே என்ன நடக்கிறது என்று.

1970-களின் இறுதியில் அமெச்சூர் பிரிவு தனியே வந்தது. அதன் தொடக்கக்கால விதிகளில் இரண்டு முக்கியமானவை. குதிரையைப் பழக்குவதற்கோ சவாரி சொல்லித்தருவதற்கோ பணம் வாங்குபவர் அதில் போட்டியிடக் கூடாது. ஓட்டும் குதிரை அவருடையதாகவோ அவர் குடும்பத்தாருடையதாகவோ இருக்க வேண்டும். பிறகு புள்ளிகள் அதிகம் சேர்க்காத தொடக்க நிலையினருக்கான படிகள் வந்தன. 50 வயதை எட்டிய அமெச்சூர்களுக்கு ஒரு பிரிவு வந்தது. பாய்ச்சல் இன்னும் கைவராதவர்கள் நடையும் துள்ளோட்டமும் மட்டும் காட்டினால் போதும் என்ற வகுப்புகளும் வந்தன. பதிவுத்தாள் உள்ள குதிரை, சங்க உறுப்பினர் அட்டை, வகுப்புக்குரிய உடையும் சேணமும் என இவ்வளவு இருந்தால், மிகப் பெரிய இனச் சங்கம் ஒன்றின் மைதானத்தில் முதல் வருடத்துக்காரர் இறங்கிவிடலாம் என்ற நிலை இப்படித்தான் வந்து சேர்ந்தது.

இதற்கு எழும் முதல் எதிர்ப்பு பழையது: வகுப்புகள் பெருகப் பெருகப் பரிசுக்கு மதிப்பு போய்விடுகிறது, மூன்று பேர் வந்த வகுப்பில் மூன்று பேருக்கும் ரிப்பன் கிடைக்கிறது, இதில் இனமேம்பாடு எங்கே இருக்கிறது என்கிறார்கள். ரிப்பனுக்கு மதிப்புக் குறைவதில் உண்மை இருக்கிறது. ஆனால் தொடக்கக்காரரின் ரிப்பன் எந்தப் பொலிகுதிரையின் கட்டணத்தையும் ஏற்றிவிடுவதில்லை. அது இனப்பெருக்கச் சந்தையைத் தொடாத ரிப்பன். 1970-களிலும் 80-களிலும் இனத்தைத் திசை திருப்பிய பரிசுகள் எவரும் போட்டியிடக்கூடிய திறந்த பிரிவின் உச்சியில், தொழில்முறைக் கைகளில் இருந்த பரிசுகள். சந்தையின் இன்னொரு முனையையும் பார்க்க வேண்டும். வளர்ப்பவர் ஆண்டுதோறும் பிறக்கச் செய்யும் குட்டிகளில் உலகச் சாம்பியனாவது எத்தனை? மீதமுள்ளவற்றை வாங்குவது யார்? நின்று நிதானித்து ஆளை ஏற்றிக்கொள்ளும், ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு மிரளாத, கால் நொண்டாத குதிரையைத் தேடும் சாதாரண சவாரிக்காரர்தான். குணத்துக்கும் உடல்நலத்துக்கும் விலை கொடுக்கும் ஒரே வாங்குபவர் அவர்.

இரண்டாவது எதிர்ப்பு கனமானது. சேணத்தில் ஆள் இருந்தால் குதிரை கெடாது என்கிறாயே, வெஸ்டர்ன் பிளஷர் வகுப்பு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தளர்ந்த லகானில், சவாரிக்காரருக்கு அலுங்காமல் போகும் குதிரைக்கு மதிப்பெண் தரும் வகுப்பு அது. 1980-களில் அது மெல்ல மெல்ல மந்தமாகி, தலையைத் தோள்மேட்டுக்கும் கீழே தொங்கவிட்டுத் தரையை முகர்ந்துகொண்டு போகும் குதிரைகளுக்குப் பரிசளிக்கும் வகுப்பாகிவிட்டது. பாய்ச்சலில் குளம்பு விழும் ஓசை மூன்றாகக் கேட்க வேண்டும். வேகத்தை அளவுக்கு மீறிக் குறைத்ததால், ஒன்றாக விழ வேண்டிய இரு கால்கள் பிரிந்து விழ, ஓசை நான்காகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு வேலியோரம் நின்றாலே கேட்கும் பிழை இது. சாதுவான குதிரை வேண்டும் என்ற அமெச்சூரின் ஆசையே இதற்குக் காரணம் என்று பழிபோடுவது எளிது. ஆனால் அந்தப் பாணி உருவானது தொழில்முறைப் பயிற்சியாளர்களின் கையில், அவர்களே போட்டியிட்ட வகுப்புகளில். அமெச்சூர்கள் வென்றதைப் பார்த்துப் பின்பற்றினார்கள். இந்த நோய் மருந்து ஏற்றுக்கொண்டது என்பது அதைவிட முக்கியம். சங்கம் தலை தோள்மேட்டுக்குக் கீழே தொடர்ந்து போகக் கூடாது என்று விதியைக் கடுமையாக்கியது. நடுவர்களுக்கு முன்னோக்கிய நகர்வை மதிக்கச் சொன்னது. முழுதாகச் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நடையின் பிழை எல்லோர் கண்ணெதிரிலும் நடக்கிறது. பார்வையாளர் முகம் சுளிக்க முடிகிறது, திருத்தவும் முடிகிறது. ரத்தத்தில் ஒளிந்திருந்த பிழை அப்படியில்லை.

திருத்தம் விதிப்புத்தகத்தோடு நிற்கவும் இல்லை. 2010-களில் ராஞ்ச் ரைடிங் என்ற வகுப்பு சேர்க்கப்பட்டது. பண்ணையில் வேலை செய்யும் குதிரையைப் போல முன்னோக்கி, உயிர்ப்போடு, இயல்பான தலை நிலையில் போக வேண்டும். குளம்புக்குக் கறுப்புச் சாயம் பூசக் கூடாது, பிடரியைப் பின்னக் கூடாது, பொய்வால் கட்டக் கூடாது. வெள்ளி பதித்த சேணத்துக்குத் தனி மதிப்பு இல்லை. இந்த வகுப்பில் வந்து குவிந்தவர்களில் பெரும்பகுதி அமெச்சூர்களும் தொடக்கக்காரர்களும்தான். அலங்காரச் செலவில்லாமல், வீட்டில் வைத்திருக்கும் குதிரையோடு வந்துவிட முடிந்தது அவர்களை ஈர்த்தது. 1868-ல் டப்ளினில் கேட்ட கேள்வியை, டென்ஹார்ட் தலைமுறை மனதில் வைத்திருந்த கேள்வியை, இந்த வகுப்பு மறுபடி மைதானத்தின் நடுவில் வைத்தது. அதை நிறுத்திப் பிடித்தது கட்டணம் கட்டி வந்த சாதாரண ஆட்களின் கூட்டம்.

மூன்றாவது எதிர்ப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். வேலைக் குதிரை வம்சத்திலும் மரபு நோய் உண்டு. ஹெர்டா என்ற தோல் நோய் கட்டிங் வம்சங்களில் பரவியிருக்கிறது. தோலின் அடுக்குகள் சரியாகப் பிணையாமல், சேணம் உரசும் இடத்தில் பிய்ந்து காயமாகும் கொடுமை அது. அதன் தடம் நான் முன்னே மெச்சிய போகோ பூவெனோவின் வம்சத்துக்குள் போகிறது. ஆகவே சவாரிச் சோதனை எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று சொல்ல முடியாது. இரு பெற்றோரும் சுமந்தால் மட்டும் வெளிப்படும் நோயைச் சுமக்கும் குதிரை, தானே ஆரோக்கியமாக ஓடும், வெல்லும். ஆய்வுக்கூடம்தான் அதைக் காட்ட முடியும். 2015 முதல் இனப்பெருக்கத்துக்குப் பயன்படும் பொலிகுதிரைகளுக்கு மரபணுப் பரிசோதனை முடிவைச் சங்கம் கட்டாயமாக்கியது சரியான முடிவு. ஆனால் இரண்டு கதைகளுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஹெர்டா கொண்ட குட்டியைச் சவாரிக்குப் பழக்கத் தொடங்கும்போதே சேணம் அதைக் காட்டிக்கொடுக்கிறது. அது போட்டிக்கு வராமல் விலக்கப்படுகிறது. ஹெச்.ஒய்.பி.பி. கொண்ட குதிரைக்கோ வளையத்தில் பரிசு கிடைத்தது. சவாரி நோயை ஒழிக்கவில்லை. ஆனால் நோய்க்கு மாலை போடவும் இல்லை.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய கண்காட்சிகளில் அமெச்சூர் என்ற பெயரில் வருபவர்களில் பலர் குதிரையை ஆண்டு முழுக்கப் பயிற்சியாளரிடம் விட்டுவைத்து, போட்டி நாளில் ஏறி இறங்குபவர்கள். அது உண்மை, வருந்தத்தக்கது. குதிரை சொந்தமாக இருக்க வேண்டும் என்ற விதி இதைத் தடுக்கவில்லை. 2008-ன் பொருளாதாரச் சரிவுக்குப்பின் பதிவாகும் குட்டிகளின் எண்ணிக்கை வெகுவாக இறங்கியதும், சிறு கண்காட்சிகள் பல மூடிப்போனதும் இதோடு சேர்ந்த கதைதான். ஆனால் இந்தக் குறை தொடக்கக்காரர் பிரிவால் வந்ததில்லை, அது போதாததால் வந்தது. வட்டார அளவில் ஒருநாள் கண்காட்சியும், கழுவித் துடைத்த பழைய சேணமும் போதும் என்ற இடங்களில்தான் சொந்தக் குதிரையைச் சொந்தக் கையால் பழக்கியவர் இன்னும் வருகிறார். சங்கங்கள் செலவைச் சுருக்க நேரும்போது முதலில் வெட்டுவது அந்தச் சிறு கண்காட்சிகளையும் ஆள் குறைந்த தொடக்க வகுப்புகளையும்தான். வரலாற்றைப் படித்தவர்கள் அவற்றைக் கடைசியாகத்தான் வெட்டுவார்கள்.

எந்த இனத்துக் குதிரையோடானாலும் புதிதாகக் கண்காட்சிக்குப் போக நினைப்பவர், தாம் யாருடைய விழாவுக்கோ ஒதுங்கி வந்த விருந்தாளி என்று எண்ண வேண்டியதில்லை. வாங்கும்போது விற்பவரிடம் பரிசுப் பட்டியலைக் கேட்பதற்கு முன் மரபணுப் பரிசோதனைத் தாளைக் கேளுங்கள். சேணம் போட்டு உங்கள் முன்னால் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள், பிறகு நீங்களே ஏறிப் பாருங்கள். குளம்பு உடலுக்கு ஏற்ற அளவில் இருக்கிறதா என்று லாடக்காரரை அழைத்துக் காட்டுங்கள். தாளைக் காட்டத் தயங்குபவரிடமும், இது ஏறுவதற்கான குதிரை இல்லை என்பவரிடமும், எத்தனை சாம்பியன் பெயர்கள் வம்சத்தாளில் இருந்தாலும் வாங்காதீர்கள்.